ரேவதிக்குப் பக்கத்தில் இருந்த புள்ளி

கண்ணு,

நீ விமானம் ஏற இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோது இரண்டு தடவை வாயெடுத்தேன். முதல் தடவை நீ பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தாய். இரண்டாவது தடவை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய், அதோடு போயிற்று. எழுத்தில்தான் முடியும் போலிருக்கிறது. இதை வேலூருக்கு, உன் ஹாஸ்டல் விலாசத்துக்கே அனுப்புகிறேன். படித்த உடனே பஸ் ஏறி வந்துவிடாதே. இரண்டு நாள் போகட்டும், பிறகு வா.

உன் பையில் இருந்த அந்தக் காகிதத்தை நான் பார்த்துவிட்டேன். சித்திரையில் நீ லீவுக்கு வந்தபோது, துவைப்பதற்காகப் பையைக் கவிழ்த்தேன். அழுக்குச் சட்டைகளுக்கு அடியில் நாலாக மடித்துக் கிடந்தது. ஏதோ பரீட்சைக் காகிதம் நனைந்துவிடப் போகிறதே என்றுதான் பிரித்தேன். ஒரு மரத்தைப் படுக்கவைத்தாற்போல் கோடு கோடாக இருந்தது. ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பக்கத்தில் ஊர், ஆணா பெண்ணா, வயது, வருஷம். யாருக்கும் பேர் இல்லை. எல்லாம் இங்கிலீஷ்தான், ஆனாலும் பத்தாவது வரை படித்தவளுக்கு ஊர்ப் பேரைக் கூட்டிப் படிக்கவா தெரியாது? வேலூர், குடியாத்தம், சித்தூர் என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆரணி என்று இருந்தது. பெண், நாலு வயது, 1992. வேறு யார், உன் தங்கை ரேவதிதான். அவளுக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல், இன்னொரு புள்ளி. ஆரணி. பெண், நாற்பத்தாறு வயது, 2008. நீ சிவப்புப் பேனாவால் இரண்டையும் சேர்த்து வட்டம் போட்டிருந்தாய். இரண்டுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி, இரு பக்கமும் முனை வைத்தது. அதன் மேல் ஒரு கேள்விக்குறி.

குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டேன். வாளி நிரம்பித் தண்ணீர் வாசல் வரைக்கும் ஓடிப்போய், எதிர் வீட்டுக்காரி வந்து சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தேன்.

அதற்கு முந்தின வருஷம், 2008 தை மாதம், நீ படிக்கிற வேலூர் ஆஸ்பத்திரியில்தான் எனக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். கல்லை எனக்குக் காட்டினார்கள். பிறகு நீ வந்து, "கல்லுக்குள்ள ஒரு கிருமி இருந்துச்சும்மா, ஒரு மாசம் மாத்திரை சாப்பிடணும்" என்றாய். ஒருநாள்கூட விடாமல் போன் போட்டுக் கேட்டாய். மலப் பரிசோதனைக்கு மூன்று தடவை டப்பாவை நீயே என் கையில் கொடுத்து, நீயே வாங்கிக்கொண்டு போனாய். நான் வெட்கப்பட்டபோது, "இதுல இன்னாம்மா இருக்குது, எனக்கு இதான வேலை" என்றாய். கொல்லைக் குழாயில் ஒரு சோப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாய். வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் கண்ணெதிரில் நீ தேய்த்துத் தேய்த்துக் கை கழுவுவாய், நானும் பார்த்துக் கழுவட்டும் என்று. அப்போது எனக்குப் புரியவில்லை. காகிதத்தைப் பார்த்த அன்றைக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது.

அன்று சாயங்காலமே உன்னிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? ஒன்றும் தெரியாதவள் போல, "நீ அந்தக் கிருமிய வெச்சிகினு இன்னாதான்டா பண்ற?" என்று கேட்டேன். நீ ஆசையாகச் சொன்னாய். எனக்குச் சொல்லிக் கொடுப்பதென்றால் உனக்கு எப்போதும் ஆசைதான்.

"அப்பா தறியில டிசைன் வுழறதுக்கு ஜக்கார்டு அட்டை குத்துவார் இல்ல? ஒரு செட்டு அட்டையப் பார்த்து இன்னொரு செட்டு குத்தும்போது ஒரு ஓட்டை தப்பா வுழுந்துடுச்சின்னு வெச்சிக்கோ. அதப் பார்த்து குத்தற அடுத்த செட்டுலயும் அந்தத் தப்பு வரும் இல்ல?"

"வரும். புடவைக்குப் புடவை மயிலுக்கு ஒரு கண்ணு இருக்காது. அப்பா தலையில அடிச்சிக்குவாரு."

"அதேதான். கிருமிக்கும் ஐம்பது லட்சம் எழுத்துல அட்டை மாதிரி ஒண்ணு இருக்குது. ஒண்ணு ரெண்டாவும்போது எப்பவாவது ஒரு எழுத்து மாறிடும். முழுசா படிச்சி, எந்த எழுத்து எதுல மாறியிருக்குன்னு வரிசையா வெச்சா, எதுல இருந்து எது வந்துச்சின்னு சொல்லிடலாம். முன்ன இந்த மாதிரி முழுசா படிக்க முடியாது. இப்பதான் முடியுது."

"பழைய மருந்து அதுக்குக் கேக்காமப் போச்சின்னு சொல்வாங்களே, அது கத்துகினுச்சா?"

"கிருமி எதையும் கத்துக்காதும்மா. மருந்துக்குத் தப்பிக்கிற எழுத்து எதுக்கு இருக்குதோ அது மட்டும் பொழைக்கும், மத்தது செத்துடும். பொழைச்சதுதான் பெருகும்."

பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டேன். "ரெண்டு பேரோடது கிட்டக் கிட்ட இருந்தா, யாருகிட்ட இருந்து யாருக்குப் போச்சின்னு தெரியுமா?"

"சில சமயம் தெரியாதும்மா. உறுதியா சொல்ல முடியாது" என்றாய். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாய்.

அந்தக் கேள்விக்குறியை நீ எனக்காகத்தான் போட்டு வைத்திருந்தாய் என்று அப்போது தெரிந்துகொண்டேன். குழந்தைக்கு வந்தது தாயைத் தொற்றியிருக்கலாம், பணிவிடை செய்தவள் அவள்தானே, அதுவே கல்லுக்குள் தங்கியிருக்கலாம் என்று ஒரு வழியை நீ திறந்து வைத்திருந்தாய். எனக்கும் அந்த வழியில் போய்விட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் உன் காகிதத்துக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அன்றைக்கு உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரேவதி பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், 1987-ல், உன்னைத் தூக்கிக்கொண்டு சேத்துப்பட்டுக்கு என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். போன நாலாம் நாள் காய்ச்சல். மூன்று வாரம் விடாத காய்ச்சல். டைபாய்டு என்று டாக்டர் சொன்னார். கடைசியில் ஒரு மருந்தை மாற்றிக் கொடுத்து, பதினாலு நாள் விடாமல் சாப்பிடணும், முடிந்ததும் மலத்தைக் கொண்டுவந்து காட்டணும், சிலருக்குக் காய்ச்சல் போனாலும் உள்ளே தங்கிவிடும் என்றார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. அந்த மாத்திரை வாயெல்லாம் கசந்து குமட்டியது. ஏழாம் நாள் உங்கப்பா அழைத்துப்போக வந்துவிட்டார். மிச்சத்தைச் சாக்கடையில் போட்டேன். டப்பாவில் மலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போவதாவது! இருபத்தைந்து வயசு எனக்கு. புருஷன் வீட்டில் சொன்னால் நோயாளிப் பெண் என்று பேர் வரும் என்று, "சும்மா சளிக் காய்ச்சல்" என்று சொல்லிவைத்தேன். உங்கப்பா சாகிற வரைக்கும் அவருக்கு அது சளிக் காய்ச்சல்தான்.

ஆகவே அந்த அம்புக்குறிக்கு ஒரு பக்கம்தான் முனை. இன்னொன்றை நீ அடித்துவிடலாம்.

1992 ஆடி மாதம் உனக்கு எட்டு வயது. உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, நாம் அதைப் பேசியதே இல்லை. தெரு அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றினோம். கேழ்வரகுக் கூழ் ஆறின பிறகு, மோரும் வெங்காயமும் போட்டுக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். கரண்டியால் ஆகாது, கையை முழங்கை வரைக்கும் விட்டுக் கரைக்க வேண்டும். இரண்டு அண்டாவை நான்தான் கரைத்தேன். நன்றாகக் கரைக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். கரைக்கும்போதே ரேவதி என் முதுகில் சாய்ந்துகொண்டு வாயைத் திறந்தாள். விரலில் வழித்து ஊட்டினேன். அவள் என் விரலைக் கடித்துவிட்டு ஓடினாள்.

பதினைந்து நாளுக்குள் தெருவில் ஆறேழு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். உனக்கும் வந்தது, ரேவதிக்கும் வந்தது. நீங்கள் இருவரும் ஒரே பாயில் படுத்திருந்தீர்கள். எப்போதும் கொடுக்கிற மருந்தைத்தான் இங்கே கொடுத்தார்கள். உனக்குப் பத்து நாளில் இறங்கியது. அவளுக்கு இறங்கவேயில்லை. மருந்து வேலை செய்யும், வேலை செய்யும் என்று நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். வயிறு உப்பிய பிறகுதான் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பஸ்ஸில் என் மடியில் கிடந்துகொண்டு, "ஜல்தியா போவச் சொல்லும்மா" என்றாள். டிரைவரிடம் உங்கப்பா அதைப் போய்ச் சொன்னார். அங்கே ரத்தம் எடுத்தார்கள். பழைய மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி, புது மருந்து தருகிறோம் என்றார்கள். அதற்குள் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. மூன்றாம் நாள் விடிந்ததும் போய்விட்டாள். அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் வளர்ந்ததை ஒரு சின்ன புட்டியில் போட்டுப் பனிக்கட்டி அலமாரியில் வைத்திருந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பதினேழு வருஷம் கழித்து அவளுடைய அண்ணனே அந்தப் புட்டியைத் திறப்பான் என்று யாருக்குத்தான் தெரியும்? அதைக் கையில் எடுத்தபோது நீ என்ன நினைத்தாய் என்று கேட்கப் பல நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். சொல்ல வேண்டாம்.

இதுவரை சொன்னதில் பாதியை நீயே ஊகித்திருப்பாய். இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது.

நம் தெரு முனையில் அஞ்சலை என்று ஒரு அம்மா கூழ் விற்றாள். புருஷனைப் பறிகொடுத்தவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள், ஏழுமலை என்று ஆறு வயதில் ஒரு பையன். தறிக்காரர்கள் மத்தியானம் அவளிடம்தான் குடிப்பார்கள், ரேவதியோடு தெருப் பிள்ளைகளும் நாலணாவுக்கு வாங்கிக் குடிக்கும். ரேவதியின் காரியம் முடிந்த மறுநாள், தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தபோது, எதனால் வந்தது என்று பேச்சு வந்தது. குழாய்த் தண்ணீர் என்றாள் ஒருத்தி. நான்தான் சொன்னேன், "இல்ல, அஞ்சலை கூழுதான்" என்று. முதலில் சொன்னது நான்தான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். டாக்டர் 'உள்ளே தங்கிவிடும்' என்று சொன்னது அந்த நிமிஷம் என் மனதில் எழுந்து வந்ததா? வந்ததென்றுதான் நினைக்கிறேன். அது வாயில் வருவதற்குள் வேறு பேரைச் சொல்லிவிட்டேன். உங்கப்பா, "தெரியாம ஒருத்தர் மேல பழி போடாத" என்றார். அவரோடு ஒரு மாதம் நான் பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் இரண்டு பெண்களோடு தெரு முனைக்குப் போனேன். அஞ்சலை என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். துக்கம் விசாரிக்கத்தான் வாயெடுத்தாள். நான் பானையைக் காலால் எட்டி உதைத்தேன். கூழ் முழுவதும் மண்ணில் கொட்டியது. "எம் பொண்ணக் கொன்னுட்டியேடி" என்று கத்தினேன். மூத்தவளை 'டி' போட்டுப் பேசினேன்.

"சுத்தமாத்தாம்மா காய்ச்சறேன். எம் புள்ளையும் இதத்தான் குடிக்கிது" என்றாள். அந்தப் பையன் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து ஒருவரும் அவளிடம் வாங்கவில்லை. குடியிருந்த அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். போளூருக்குப் போய்விட்டாள் என்று கொஞ்ச நாள் கழித்துச் சொன்னார்கள். நல்லது என்று நினைத்தேன். கண்ணு, நான் நல்லது என்று நினைத்தேன்.

நீ போகிற இடத்தில் ஊர் ஊராக, தேசம் தேசமாகக் கிருமிகளைப் படிப்பாய். ஆயிரம் புள்ளி வைப்பாய். எது எதிலிருந்து வந்தது என்று உலகம் உன்னைக் கேட்கும். நீ சொல்வதும் சரியாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால், அந்த ஊரில், யாரோ ஒருவர் மேல் பழி விழுந்திருக்கும். அவர்களுக்கு உன் காகிதத்தில் புள்ளி இருக்காது, ஏனென்றால் அவர்களிடம் கிருமியே இருந்திருக்காது. அவர்களையும் நினைத்துக்கொள். புத்திமதி என்று நான் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. கொடுத்த மாத்திரையை முடிக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

போன வியாழக்கிழமை போளூருக்குப் போனேன். மார்க்கெட்டில் இரண்டு மூன்று பேரைக் கேட்டதில், அரிசி மில்லில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த அஞ்சலையா என்று கேட்டு, மில்லுக்குப் பின்னால் ஒரு சந்தைக் காட்டினார்கள். ஓட்டு வீடு. வாசலில் உட்கார்ந்து முறத்தில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. உள்ளே ஒரு குழந்தை சத்தம் கேட்டது.

"யாரும்மா?"

"ஆரணி. அட்டைக்காரர் வூடு."

முறத்தைக் கீழே வைத்தாள். "ரேவதி அம்மாவா?" என்றாள்.

பதினேழு வருஷமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நான் உன் அம்மா. அவள் எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். வழியெல்லாம் கூட்டிக் கூட்டி வைத்திருந்ததை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

"அக்கா, அது உங்க கூழ் இல்ல. எங்கிட்ட இருந்துதான் கொழந்தைக்குப் போச்சு. எனக்கு முன்னாடியே அந்தக் காய்ச்சல் வந்திருந்துச்சி. மருந்த முடிக்கல. எனக்கே தெரியாம உள்ளயே இருந்திருக்குது. நான்தான் கோயில் கூழக் கரைச்சேன்."

"யாரு சொன்னது?"

"எம் மவன். வேலூர்ல அதத்தான் படிக்கிறான். கொழந்தயோட ரத்தத்துல இருந்தத எடுத்து வெச்சிருந்தாங்க. போன வருஷம் எனக்கு எடுத்த கல்லுல இருந்ததும் அதுவும் ஒண்ணு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் இல்லியா?"

"நீங்க இல்லக்கா."

"எம் பானை இல்லியா?"

"இல்லக்கா."

யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். "புள்ளைங்களுக்குக் காய்ச்சல் வரதுக்கு முன்ன மோருக்கு ஊத்தினது காய்ச்சாத தண்ணி. வெறகு இல்ல. அதான், அதான்னு நெனச்சிகினே இருந்தேன். உங்கிட்டச் சுத்தம்னு சொல்லிட்டேனே தவுர, நான்தான்னு எனக்கே தோணிச்சி. அந்தப் பொண்ணு மூஞ்சி அப்பப்ப வரும்."

கண்ணு, அவள் என் மேல் கோபமாக இருப்பாள் என்று நினைத்துப் போயிருந்தேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். என் பொய்யை அவள் நம்பியிருப்பாள் என்று நான் நினைக்கவேயில்லை. நான் எனக்குள்ளே புதைத்துவிட்டு மறந்ததை, பதினேழு வருஷம் அவள் சுமந்துகொண்டிருந்தாள். 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்று நீ சொன்னதை நான் அவளிடம் கொண்டுபோகவில்லை. தப்பென்றால் அந்தத் தப்பு என்னோடு இருக்கட்டும்.

நான் எழுந்தபோது, "குந்து" என்றாள். "எம் மவன் அஞ்சு மணிக்கு வருவான். எங்கிட்டச் சொன்னத அப்படியே அவங்கிட்டயும் சொல்லு."

மூன்று மணி நேரம் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவள் முறத்தை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள். மருமகள் வந்து டீ கொடுத்தாள். ஏழுமலை வந்தான். உன்னைவிட இரண்டு வயது சின்னவன், அதே மில்லில் மூட்டை தூக்குகிறான். வேர்வையோடு நின்றபடியே கேட்டான். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். கூழைக் கொட்டியதைச் சொன்னேன், 'டி' போட்டதையும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள். நிறுத்தவில்லை. முடித்ததும் அஞ்சலை, "கேட்டியாடா?" என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

அவன் கத்தவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "எங்கம்மா இந்த வூட்ல யாருக்கும் கையால சோறு போட்டதில்ல, தெரியுமா உங்களுக்கு? நான் அடம் பண்ணி அழுவேன். தட்டுல வெச்சிட்டு, நீயே எடுத்துத் துன்னுன்னு தூரமாப் போயிடும். எம் பொண்ணுக்கு ரெண்டு வயசு ஆவுது. ஒரு வாய் ஊட்டினதில்ல. கொழந்தயப் புடிக்கலன்னு நெனச்சிகினு இருந்தா எம் பொண்டாட்டி."

மருமகள் உள்ளே போய்விட்டாள். அந்தக் குழந்தை வாசற்படியைப் பிடித்துக்கொண்டு என்னையும் அஞ்சலையையும் மாறி மாறிப் பார்த்தது.

"நீ கெளம்பு. ஆரணி பஸ்ஸு போயிடும்" என்றாள் அஞ்சலை. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சந்து திரும்பும்போது ஒரு தடவை பார்த்தேன். குழாயடியில் குனிந்து நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள், அவசரமில்லாமல், முழங்கை வரைக்கும். குழந்தையும் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கிற உரிமை எனக்கு இல்லை என்று பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அம்மா